மணல் மண்ணுக்கு எந்த மூடாக்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் மணல் நிலத்தில் கீரை போடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூடாக்கைப் பற்றியே கேட்கின்றன. மூடாக்கு என்றால் செடியைச் சுற்றி மண்ணை மூடிப் பரப்பும் பொருள். இலையைப் போடலாமா, தேங்காய் மட்டையைப் போடலாமா, கல்லைப் போடலாமா என்று ஆளுக்கொரு கேள்வி. அதனால் இந்த மாதம் வேறு எதையும் எடுக்கவில்லை. எனக்கும் இது நெருங்கிய விஷயம்தான். பினாங்கின் தெலுக் ஆயர் தாவாரில் என் வீட்டுக் கொல்லையில் மண்வெட்டியை எங்கே போட்டாலும் வெள்ளை மணல்தான் வரும். அதில்தான் கறிவேப்பிலையும் மல்லிகையும் முருங்கையும் வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. கடலைத் தூர்த்து எழுப்பிய நிலத்தில் எங்கள் வீடு. முன்பக்கம் 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் பாத்தி கட்டி மிளகாயும் கத்தரியும் வைத்திருக்கிறேன். காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன், அப்படியும் மத்தியானம் இலை துவண்டுவிடுகிறது. நர்சரியில் மரப்பட்டை மூடாக்கு நாலு மூட்டை வாங்கிப் போட்டேன். ஒரே மழையில் பாதி லோங்காங்கில் (சாக்கடையில்) போய்விட்டது. எந்த மூடாக்குதான் நிற்கும்? (வாசகி, தஞ்சோங் தோக்கோங்)

தங்கச்சி, முதலில் அந்த மத்தியான வாட்டத்தைப் பார்ப்போம். மணல் துகள் பெரிது, துகள்களுக்கு நடுவே உள்ள சந்தும் பெரிது. ஊற்றுகிற தண்ணீர் தங்காமல் இறங்கிவிடும். மேல் 20 செண்டிமீட்டர் மணலில் செடி உறிஞ்சிக்கொள்ளும்படி தங்குவது ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான தண்ணீர்தான். பினாங்கு வெயிலில் செடியும் மண்ணுமாகச் சேர்ந்து ஒரு நாளைக்கு 4, 5 மில்லிமீட்டரைச் செலவழித்துவிடும். வேர் ஒரு சாண்கூட இறங்காத இளஞ்செடிக்கு அந்தக் கையிருப்பிலும் பாதிதான் எட்டும். இன்னும் கூடுதலாக ஊற்றினாலும் வேருக்குக் கீழேதான் போகும். போகும்போது நீங்கள் போட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு போகும்.

மூடாக்கு மூன்று வேலை செய்கிறது. வெயில் நேரே மண்ணில் படாமல் தடுத்து ஈரத்தைக் காக்கும். வேர் இருக்கும் மேல்மண்ணைச் சூடாகாமல் வைக்கும். பிறகு மெல்ல மெல்ல மக்கி, மணல் துகள்களுக்கு இடையே தண்ணீரையும் சத்தையும் பிடித்துவைக்கும் கறுப்பு மக்காக மாறும். ஈரம் காக்கும் முதல் வேலையை எந்தப் பொருளும் செய்யும், பிளாஸ்டிக் விரிப்புகூடச் செய்யும். மூன்றாவது வேலை மக்கும் பொருளால் மட்டுமே ஆகும். களிமண்காரர்களுக்கு அது இல்லாவிட்டாலும் சமாளித்துவிடலாம். மணல்காரர்களுக்கு அதுதான் உயிர்.

கடையில் விற்கும் மரப்பட்டை நீண்ட நாள் மக்காமல் இருப்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள். பார்வைக்கு அழகு, ஆனால் எடை இல்லை, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளாது, தண்ணீரில் மிதக்கும். நம் ஊரில் சாயங்கால மழை ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டுவது சாதாரணம். ஒரு சதுர மீட்டருக்கு 50 லிட்டர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மிதக்கிற எதுவும் அதில் நிற்காது. அளவிலும் உங்களிடம் குறை இல்லை. உங்கள் பாத்திக்கு நாலு விரல் உயரம், அதாவது 7 செண்டிமீட்டர் போட 210 லிட்டர் வேண்டும். 50 லிட்டர் மூட்டையானால் நாலு மூட்டை அநேகமாகச் சரியாக இருந்திருக்கும்.

நான் சொல்வது, சாலையோர மரங்களைக் கழிக்கும் ஆட்கள் அரைத்துக் கொட்டும் மரத்துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். கிளை, பட்டை, பச்சை இலை எல்லாம் கலந்து ஒழுங்கில்லாத துண்டுகளாக இருக்கும். அந்த ஒழுங்கின்மைதான் நமக்கு வேண்டியது. துண்டுகள் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொண்டு மழைக்கு அசையாது. அங்சானா மரக் கிளை அரைத்தது கிடைத்தால் விடாதீர்கள். அவர்களுக்கும் குப்பைமேட்டுக்கு லோரி ஓட்டும் செலவு மிச்சம், பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். வந்த உடனே போடாமல் ஒரு மூலையில் குவித்து இரண்டு மூன்று வாரம் ஆறவிடுங்கள். பச்சையாக அரைத்த குவியல் உள்ளே நன்றாகச் சூடேறும், கையை விட்டுப் பார்த்தால் தெரியும். அந்தச் சூடு தணிந்த பிறகு செடிப் பக்கம் கொண்டுபோகலாம்.

அது கிடைக்காவிட்டால் காய்ந்த இலை. அங்சானா, மா, வேம்பு இவற்றின் இலைகளை அப்படியே போடலாம். கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையை மட்டும் முழுசாகப் போடாதீர்கள். உள்ளங்கையைவிடப் பெரிய அந்த இலைகள் நனைந்ததும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கூரை வேய்ந்ததுபோல ஆகிவிடும். மழைத் தண்ணீர் மேலோடு வழிந்து ஓடும், கீழே மணல் பொட்டுப்பொட்டாகக் காய்ந்து கிடக்கும். கையால் நொறுக்கியோ, சாக்கில் கட்டி மிதித்தோ போடுங்கள்.

இனி போடும் முறை. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். காய்ந்த மணலின்மேல் மூடாக்கைப் போட்டால் அந்த வறட்சியைத்தான் மூடிவைக்கிறோம். நாள்பட்டுக் காய்ந்த மணலில் துகள்மேல் மெழுகுபோன்ற ஒரு பூச்சு படிந்துவிடும். ஒரு கரண்டி தண்ணீரை அதன்மேல் ஊற்றிப் பாருங்கள். உடனே இறங்கினால் நல்லது. உருண்டையாகத் திரண்டு, தூசியைப் போர்த்திக்கொண்டு அப்படியே நின்றால், அந்த மணல் தண்ணீரைத் தள்ளுகிறது என்று அர்த்தம். தோட்டத்து முள்கரண்டியால் கிளறிவிட்டு, பூவாளியில் கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஊற்றி, மூன்று நான்கு முறையில் நனைத்தெடுக்க வேண்டும். பிறகு நன்றாக மக்கிய உரத்தை மூன்று விரல் உயரம் பரப்பி மேல் 15 செண்டிமீட்டர் மணலோடு கலந்துவிடுங்கள். மறுபடி தண்ணீர். விரலை முழுசாக விட்டால் நுனிவரை ஈரம் படவேண்டும். அதற்குப் பிறகுதான் மூடாக்கு. தண்டைச் சுற்றி மூன்று விரல் அகலம் வெறும் மண்ணாக விடுங்கள்.

பாத்தியைச் சுற்றி ஒரு வரிசை செங்கல் அடுக்கி, உள்ளே மூடாக்கின் மேல்மட்டம் செங்கல்லுக்கு இரண்டு விரல் கீழே இருக்கும்படி வைத்தால் எந்த மழைக்கும் லோங்காங் பக்கம் போகாது.

இன்னொன்று, கடலில் வாரிய மணலில் சிப்பித்தூள் கலந்திருக்கும். ஒரு கை மணலைக் கிண்ணத்தில் போட்டு மேலே சமையல் வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துக்கொண்டு குமிழி வந்தால் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது. அந்த மண்ணில் டோலமைட், ஜி.எம்.எல். போன்ற சுண்ணாம்புத்தூள் எதையும் போடவேண்டாம். இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுப்பகுதி வெளுத்தால், இரும்புச்சத்து செடிக்கு எட்டவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கும் முதல் மருந்து மக்கும் உரமும் மூடாக்கும்தான்.

கடைசியாக ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வெயிலிலும் மழையிலும் இலை மூடாக்கு இரண்டு மூன்று மாதத்தில் காணாமல் போய்விடும். அரைத்த மரத்துண்டு ஒரு வருடம்வரை இருக்கும். அதைப் பார்த்துக் காசு போச்சே என்று நினைக்கக் கூடாது. மணலில் மூடாக்கு போடுவது விறகடுப்பு எரிப்பது மாதிரி, எரிய எரியத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். அதனால் விலை உயர்ந்ததை ஒரு முறை வாங்குவதைவிட, வீட்டுக்குப் பக்கத்தில் வாராவாரம் சும்மா கிடைப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) பக்கத்தில் தேங்காய்ப்பால் பிழிந்து விற்கும் கடையில் மட்டையை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எடுத்துவந்து செடிகளைச் சுற்றிக் கவிழ்த்து வைத்தால் போதுமா? கரையான் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். (வாசகர், பட்டர்வொர்த்)

தம்பி, நல்ல பொருள் கையில் கிடைத்திருக்கிறது. மணல் நிலத்துக்குத் தேங்காய் மட்டையைப்போல ஈரம் பிடிக்கும் பொருள் கிடைப்பது அரிது. நாருக்கு இடையே உள்ள தூள் தன் எடையைப்போல எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் கொசு. கவிழ்த்து வைத்த மட்டை நாலு நாளில் யாராவது காலால் தட்டி மல்லாந்துவிடும். அதில் தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் முட்டையிட்டால் ஏழிலிருந்து பத்து நாளில் கொசு பறந்துவிடும். வீட்டு வளாகத்தில் புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி 500 ரிங்கிட் வரை கம்பவுண்டு அபராதம் கட்டவேண்டி வரும். அபராதத்தைவிட டெங்கிக் காய்ச்சல் பெரிது. ஆகவே முழு மட்டையை மண்ணுக்கு மேலே எந்த நிலையிலும் வைக்காதீர்கள். பாராங் கத்தியால் பெருவிரல் அளவுத் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். குழி இல்லாத துண்டில் தண்ணீர் தேங்காது.

வெட்டக் கை வலிக்கிறது என்றால் புதைத்துவிடுங்கள். தென்னந்தோப்புக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது அது. வாழைக்கோ கறிவேப்பிலைக்கோ ஒரு முழ தூரம் தள்ளி இரண்டு சாண் ஆழத்தில் பள்ளம் எடுத்து, மட்டைகளை மல்லாக்க, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி நெருக்கமாக அடுக்குங்கள். ஒரு வரிசைக்கு மேல் மண், பிறகு இன்னொரு வரிசை, கடைசியில் ஒரு சாணுக்குக் குறையாமல் மண் மூடவேண்டும். மேலே இறங்கும் தண்ணீர் அந்தக் குழிவுகளில் தங்கி வேருக்குக் கிடைக்கும். மண்ணுக்குள் இருப்பதால் கொசுவுக்கு வழி இல்லை. ஒரு முறை புதைத்தால் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்யும். என் கொல்லை வாழைகள் பிப்ரவரி வெயிலில் தாங்கி நிற்பது இந்த மட்டைகளால்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

புது மட்டையை நனைத்தால் காப்பி நிறத்தில் தண்ணீர் வரும். அதில் உப்பும் பொட்டாஷும் உண்டு. நாற்றுக்குப் போடுவதானால் வாளியில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை இரண்டு மூன்று முறை கொட்டிவிட்டுப் போடுங்கள். வளர்ந்த மரத்துக்கு அவ்வளவு கவலை வேண்டாம், மழை கழுவிவிடும்.

கரையான் வருமா என்றால், மர மூடாக்கு எதுவானாலும் வரலாம். மூடாக்கு கரையானை எங்கிருந்தோ அழைத்து வருவதில்லை, மண்ணில் ஏற்கெனவே இருப்பதற்கு ஈரமும் நிழலும் கொடுக்கிறது. அதனால் வீட்டுச் சுவரிலிருந்து ஓர் அடி அகலம் எப்போதும் வெறும் தரையாக விடுங்கள். சுவரில் மண்கோடு ஏறினால் கண்ணுக்குத் தெரியவேண்டும், அதற்காகத்தான் அந்த இடைவெளி. மரக்கதவு நிலை, மரத்தூண் இருக்கும் பக்கம் மூடாக்கே வேண்டாம்.

பக்கத்தில் தென்னை இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. மட்டையும் தென்னந்தண்டும் மக்கும் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புழு பெருவிரல் பருமனுக்கு வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும். பாத்திமேல் மெல்லிசாகப் பரப்பிய மூடாக்கில் அது வாழாது, உயரமாகக் குவித்து மறந்துவிட்ட குவியலில்தான் வாழும். குவியலை மாதம் ஒரு முறை புரட்டிப்போட்டு, கண்ணில் பட்ட புழுவைக் கோழிக்குப் போடுங்கள்.

கேள்வி: முன்னாள் ஈயக்குட்டை நிலத்தில் எங்கள் தாமான் இருக்கிறது. தச்சுப்பட்டறையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து மணலோடு கொத்திக் கலந்துவிட்டேன். ஒரு மாதத்தில் கீரை, வெண்டி எல்லாம் மஞ்சளாகிவிட்டன. மரத்தூள் விஷமா? (வாசகர், சுங்கை பெசி, கோலாலம்பூர்)

விஷம் இல்லை, ஐயா, பசி. மரத்தூளில் கரிச்சத்து ஏராளம், தழைச்சத்து மிகக் குறைவு. ஏறத்தாழ 400க்கு 1 என்ற விகிதம். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25, 30க்கு 1 என்ற விகிதத்தில் தழைச்சத்து வேண்டும். மரத்தூளில் கிடைக்காததை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஈயம் அலசிய மணலில் ஏற்கெனவே ஒன்றும் இல்லை. இருந்த கொஞ்சமும் அங்கே போய்விட்டது, செடி வெளுத்துவிட்டது.

இதே மரத்தூளை மேலே பரப்பியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. மேலே கிடக்கும்போது மண்ணைத் தொடும் அந்த மெல்லிய அடுக்கு மட்டும்தான் தழைச்சத்தை இழுக்கும், ஆழத்தில் இருக்கும் வேருக்குப் பாதிப்பு இல்லை. இது மரம் சார்ந்த எல்லா மூடாக்குக்கும் பொருந்தும். மேலே போடுங்கள், கொத்திக் கலக்காதீர்கள்.

இப்போது செய்யவேண்டியது, இனி கிளறாமல் விட்டுவிட்டு, சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி யூரியாவை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. ஒரே தடவையில் இரண்டு பங்கையும் கொட்டினால் மணலில் நிற்காது, முதல் மழையோடு போய்விடும். யூரியா வேண்டாம் என்பவர்கள் சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி கோழிச்சாண உருண்டையைத் தூவித் தண்ணீர் விடலாம், பலன் கொஞ்சம் மெதுவாகத் தெரியும். பச்சை திரும்பும்.

ஈயக்குட்டை மணல் கடல் மணலைப்போல் இல்லை, பெரும்பாலும் புளிப்பாக இருக்கும். அதனால் உங்களுக்கு ஜி.எம்.எல். சுண்ணாம்புத்தூள் வேண்டியிருக்கும். புளிப்பை அளக்கும் மலிவான பி.எச். தாள் வாங்கிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மரத்தூளைப் பற்றி ஒன்று கேட்கத் தவறாதீர்கள்: பிளைவுட் அறுத்ததா, பூச்சிமருந்து ஏற்றிய மரமா என்று. இரண்டும் சாப்பாட்டுச் செடிக்கு வேண்டாம்.

கேள்வி: மூடாக்காக வெள்ளைக் கூழாங்கல் போடலாமா? சுத்தமாக இருக்கிறது. (வாசகி, ஜெலுத்தோங்)

மணலில் வேண்டாம். கல் மக்காது, மணலுக்கு எதையும் கொடுக்காது, மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கிவிடும். பிறகு மண்வெட்டி போடும் ஒவ்வொரு முறையும் அதோடுதான் போராட்டம். வெயிலில் சூடேறி இரவிலும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். கள்ளிச் செடித் தொட்டிக்கு வையுங்கள், அழகாக இருக்கும்.

கேள்வி: இலை மூடாக்கு போட்டதிலிருந்து பெரிய நத்தைகள் பெருகிவிட்டன. பயாம் கீரை நாற்றை ஒரே இரவில் தின்றுவிட்டன. மூடாக்கை எடுத்துவிடட்டுமா? (வாசகி, பிறை)

எடுக்கவேண்டாம் அம்மா, இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். நாற்று நாலு விரல் உயரத்தில் இருக்கும்வரை அந்தப் பாத்திக்கு இலை மூடாக்கு தேவை இல்லை. கருக்கிய உமியை ஒரு விரல் உயரம் தூவினால் போதும், அதன் சொரசொரப்பில் நத்தை ஊர விரும்பாது. மழை பெய்தபின் மறுபடி தூவவேண்டியிருக்கும். நாற்று தடித்து, தண்டு முற்றிய பிறகு இலையைப் பரப்புங்கள். ஈரமான, தட்டையான இலை அடுக்கில்தான் நத்தை பகலில் ஒளிந்துகொள்ளும். கரடுமுரடான மரத்துண்டில் அவ்வளவாகத் தங்காது.

இருப்பதை ஒழிக்க, இரவு எட்டு, ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. சாயங்காலம் ஓர் ஈரச் சாக்கையோ, பப்பாளித் தோலையோ பாத்தி ஓரத்தில் வைத்தால் அங்கே வந்து கூடும். கையுறை கட்டாயம். இந்த ஆப்பிரிக்க நத்தையின் உடம்பில் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒரு புழு இருக்கக்கூடும். வெறுங்கையால் தொடவேண்டாம், பிள்ளைகளை விளையாட விடவேண்டாம், அது ஊர்ந்த கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்துத்தான் சாப்பிடவேண்டும். மூடாக்கை விலக்கும்போது வெளிர்மஞ்சள் நிறத்தில் மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகள் கொத்தாகக் கிடந்தால் அவை முட்டைகள். ஒரு கொத்தில் நூறுக்கு மேலேயே இருக்கும். அவற்றை நசுக்கிவிட்டால் அடுத்த மாதத்துப் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் காலி நிலத்தில் லாலாங் புல் மண்டிக் கிடக்கிறது. வெட்டி மூடாக்காகப் போடலாம் என்கிறார் மாமனார். களை பரவாதா? மிளகாய்ப் பண்ணைகளில் போடும் சில்வர்ஷைன் பிளாஸ்டிக் நல்லதா? (வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

மாமனார் சொல்வது அனுபவம். என் அப்பா தோட்டத்து நர்சரியில் வேலை பார்த்தவர். ரப்பர் நாற்றுப் பாத்திகளுக்கு லாலாங்கை வெட்டித்தான் பரப்புவார்கள், நானே சுமந்து போட்டிருக்கிறேன். இலை தடிமனாக, மெதுவாக மக்கும், காற்றோட்டமாகக் கிடக்கும், மணலுக்கு அருமையான பொருள். இரண்டு விதி மட்டும். வெள்ளைப் பூக்கதிர் வருமுன் வெட்டவேண்டும், இல்லாவிட்டால் பஞ்சோடு விதையும் வந்துவிடும். தரைக்கு ஒரு சாண் மேலே அரிவாள் வைக்கவேண்டும், வேரோடு பிடுங்கக் கூடாது. மண்ணுக்குள் ஓடும் அந்த வெள்ளைக் கிழங்குத்தண்டு ஒரு விரல் நீளம் வந்தாலும் மணலில் ஊசிபோலக் குத்திக்கொண்டு எழும்பும். வெட்டியதை இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டுவிட்டுப் பரப்புங்கள்.

சில்வர்ஷைன் விரிப்பைக் குறை சொல்லமாட்டேன். வெள்ளிப் பக்கம் மேலே இருந்தால் ஒளியைத் திருப்பி அசுவினியையும் வெள்ளை ஈயையும் கொஞ்சம் விலக்கும், கறுப்புப் பக்கம் களையை முளைக்கவிடாது, மழைத்துளி மண்ணைத் தெறித்து இலையில் நோய் ஏற்றாது. நூறு செடி வைத்துச் சொட்டுநீர்க் குழாய் போட்டு விற்பனைக்குப் பயிர் செய்பவருக்கு அது சரி. பத்துச் செடிக்காரருக்கு ஒத்துவராது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது, மணலுக்கு ஓர் இலைகூட உணவாகப் போகாது, இரண்டு மூன்று பருவத்தில் கிழிந்து குப்பையாகும். நீங்கள் லாலாங்கையே போடுங்கள்.

அப்புறம், மிச்சமான புல்லையும் இலையையும் மூலையில் கொளுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திறந்த வெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். அதற்கு மேல், மணலுக்குப் போகவேண்டிய உணவைப் புகையாக்குவதைப் பார்க்க எனக்கு மனம் தாங்காது.

கேள்வி: எங்கள் வீடு மலைச்சரிவில், செம்மண். இதே அளவில் போடலாமா? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

பாதி போதும். இரண்டிலிருந்து மூன்று விரல். உங்கள் மண் தண்ணீரைத் தானே பிடித்துவைக்கும், அதன்மேல் கனமாக மூடினால் மழைக்காலத்தில் வேருக்குக் காற்று போதாமல் அழுகும். சரிவில் குறுக்காகக் கட்டை வைத்து மூடாக்கைத் தடுத்து நிறுத்துங்கள், மண் அரிப்பும் குறையும்.

கேள்வி: பொங்கல் முடிந்ததும் இரண்டு வாரம் தமிழ்நாட்டுக்குப் போகிறோம். அந்த நேரத்தில் இங்கே மழையே இருக்காது. மல்லிகையும் துளசியும் மிளகாயும் பிழைக்குமா? பக்கத்து வீட்டு அக்கா இடையில் ஒரு நாள், இரண்டு நாள் வந்து தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். (வாசகி, பாகான் ஆஜாம்)

பிழைக்கும். ஜனவரியும் பிப்ரவரியும்தான் பினாங்கில் மழை குறைந்த மாதங்கள், அதனால் இப்போதே ஆயத்தம் செய்யுங்கள். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே உரம் எதுவும் வேண்டாம், புதுத் தளிர் விட்டால் தண்ணீர்த் தேவை கூடும். களையைப் பிடுங்கிவிடுங்கள், அதுவும் தண்ணீர் குடிக்கும் வாய்தான். மிளகாயைப் பிஞ்சு உட்படப் பறித்து, மல்லிகையின் நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். கடைசி இரண்டு நாளும் காலை, மாலை மெதுவாக, நிறுத்தி நிறுத்தி ஊற்றி ஆழமாக நனையுங்கள். பிறகு பழைய மூடாக்கின்மேல் இன்னும் இரண்டு விரல் போட்டு மொத்தம் 10 செண்டிமீட்டராக்கி, அதையும் நனைத்துவிடுங்கள். காய்ந்த மூடாக்கு அக்கா ஊற்றும் முதல் வாளித் தண்ணீரைத் தானே குடித்துவிடும். நடுப்பகல் வெயில் நேரே விழும் பாத்தியானால் பாதி நிழல் தரும் கறுப்பு வலையை நாலு கம்பில் கட்டிவிடுங்கள்.

பொங்கலுக்கு வாங்கும் மண்பானை இதற்கு உதவும். வெளியே கரி பிடித்திருந்தாலும் தேய்த்துக் கழுவிவிட்டால் போதும், ஆனால் வர்ணம் பூசாத, மெருகு ஏற்றாத பானையாக இருக்கவேண்டும். கழுத்து மட்டும் வெளியே தெரிய, செடிகளுக்கு நடுவே மண்ணில் புதைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். பானைச் சுவர் வழியே தண்ணீர் கசிந்து சுற்றியுள்ள மண்ணை நனைக்கும், மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும், காய்ந்தால் கூடும். களிமண்ணில் அந்த ஈரம் தூரம் போகும். மணலில் அவ்வளவு போகாது, அதனால் பானையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் உள்ள செடிக்குத்தான் கணக்கு. மூன்று செடிக்கு ஒரு பானை என்று வையுங்கள். வாயைத் தட்டுப் போட்டு இறுக்கமாக மூடி, தட்டின்மேல் ஒரு கல்லை வைக்கவேண்டும், கொசு உள்ளே போகக்கூடாது. புறப்படுவதற்கு நாலைந்து நாள் முன்பே புதைத்து, நிரப்பிய பானை எத்தனை நாளில் காலியாகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் அந்தக் கணக்கைச் சொல்லி, பானையை நிரப்பினால் போதும், மூடாக்கைக் கிளறவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.